சீனாவில் டாக்டர் படிப்பு!
ஊகான் நகருக்குப் போன மாணவர்கள் பட்ட பாடு

விடிகாலை மணி 5½. தமிழ்நாட்டில் ஒரு வீடு. அம்மா வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டு இருக்கிறாள். உள்ளே மகன் கண்ணைக் கசக்கியபடி உட்கார்ந்து இருக்கிறான். செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்துப் பாடம் கேட்கிறான்.

என்ன பாடம் தெரியுமா? வயிற்றைக் கீறி ஆபரேஷன் செய்வது எப்படி என்ற பாடம்!

பாடம் நடத்துகிறவர் இருப்பது சீனாவில். அங்கே அப்போது காலை 8 மணி. சீனாவின் கடிகாரம் நம் கடிகாரத்தைவிட 2½ மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அவர்கள் வேளைக்கு வகுப்பு என்றால், நம் பிள்ளைகள் சேவல் கூவும்போதே எழுந்தாக வேண்டும்.

2020-ம் ஆண்டிலும், 2021-ம் ஆண்டிலும், 2022-ல் பாதிக்கு மேலும் இந்தியாவில் ஆயிரக்கணக்கான வீடுகளில் இப்படித்தான் பொழுது விடிந்தது. நோயாளியின் கட்டில் அருகே நின்று கற்க வேண்டியதை, கையகலக் கண்ணாடியில் பார்த்துக் கற்றார்கள்.

சீனாவுக்குப் படிக்கப் போன பிள்ளைகள் வீட்டில் உட்கார நேர்ந்தது ஏன்? அது ஒரு பெரிய கதை.

ஏன் சீனா?

நம் நாட்டில் டாக்டர் படிப்புக்கு இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. சர்க்கார் கல்லூரிகளில் இடம் குறைவு. தனியார் கல்லூரிகளில் கேட்கும் பணமோ மலைக்க வைக்கும். சீனாவில் அதைவிடக் குறைந்த செலவில் படிக்கலாம் என்று பலர் புறப்பட்டார்கள். 6 ஆண்டுப் படிப்பு. அதில் கடைசி ஓர் ஆண்டு ஆஸ்பத்திரியில் பயிற்சி. பாடம் ஆங்கிலத்தில்.

2018-ம் ஆண்டில் சீனாவில் படித்த வெளிநாட்டு மாணவர்கள் 4 லட்சத்து 92 ஆயிரம் பேர். அவர்களில் இந்தியர்கள் 23 ஆயிரத்துக்கு மேல். இந்தியர்களில் பெரும்பாலோர் படித்தது டாக்டர் படிப்பே. அவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு.

நிலத்தை விற்ற தகப்பனார் உண்டு. நகையை அடகு வைத்த தாயார் உண்டு. "நீ டாக்டராகத் திரும்பி வந்தால் போதும்" என்று சொல்லித்தான் விமானம் ஏற்றி அனுப்பினார்கள். பெட்டியில் பாதி இடம் பருப்புப் பொடிக்கும் ஊறுகாய்க்கும்!

ஒரே நகரம், மூன்று ஊர்

இந்திய மாணவர்கள் அதிகம் போன நகரங்களில் ஒன்று ஊகான். 1 கோடிக்கு மேல் ஜனங்கள் வாழும் மாநகரம். ஆசியாவிலேயே நீளமான யாங்சி ஆறு அதன் நடுவே ஓடுகிறது. ஹான் என்ற இன்னோர் ஆறு அங்கே வந்து கலக்கிறது. ஆறுகள் பிரித்த கரைகளில் ஊசாங், ஹாங்கோ, ஹான்யாங் என்று 3 ஊர்கள் இருந்தன. மூன்றும் சேர்ந்ததுதான் ஊகான்.

யாங்சி ஆற்றுக்கு 1957-ம் ஆண்டில் அங்கே ஒரு பாலம் கட்டினார்கள். அது இரண்டு மாடிப் பாலம்! மேல் மாடியில் மோட்டார்கள் ஓடும். கீழ் மாடியில் ரெயில் ஓடும்.

ஊகானுக்கு "அடுப்பு" என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. கோடையில் அப்படிக் கொளுத்தும். "இது நமக்குப் பழக்கம்தானே!" என்று நம் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் மார்கழி, தை மாதங்களில் அவர்கள் சிரிப்பு உறைந்து போகும். பனி கொட்டும். வட சீனாவில் ஊர் முழுவதும் குழாய் போட்டு வீடுகளைச் சூடாக்குகிறார்கள். யாங்சிக் கரையில் அந்த ஏற்பாடு வழக்கம் இல்லை. வெளியே எவ்வளவு குளிரோ, அறைக்குள்ளும் ஏறக்குறைய அவ்வளவு குளிர்! கம்பளிச் சட்டையைக் கழற்றாமல் படுத்தவர்கள் பலர்.

அதற்குச் சீனர்கள் வைத்திருக்கும் மருந்து வெந்நீர். தாகம் என்றாலும் வெந்நீர், தலைவலி என்றாலும் வெந்நீர். ஆளுக்கொரு பிளாஸ்க்கு கையில் இருக்கும். நம் பாட்டிமார்கள் பார்த்தால் மெச்சிக்கொள்வார்கள்.

காலைப் பலகாரத்தில் ஊகான்காரர்களை மிஞ்ச ஆள் இல்லை. எள்ளை அரைத்த விழுதில் பிரட்டிய நூடுல்ஸ் அங்கே பேர் போனது. முதல் நாளே அரை வேக்காடாக வேக வைத்து, எண்ணெய் தடவி ஆற வைத்துவிடுவார்கள். காலையில் கொதி நீரில் ஒரு முக்கு முக்கி எடுத்து, எள் விழுதும் மிளகாய் எண்ணெயும் ஊறுகாயும் சேர்த்துக் கையில் கொடுப்பார்கள். அதைத் தின்றுகொண்டே பஸ்சுக்கு ஓடுகிறவர்களை எங்கும் பார்க்கலாம்.

இன்னொரு பலகாரத்துக்கு "தோபி" என்று பெயர். பச்சைப் பயறும் அரிசியும் அரைத்து, தோசைபோல வார்த்து, மேலே முட்டை ஊற்றி, உள்ளே சோறு வைத்து மடித்துச் சுடுவது. ஊரை நினைத்து ஏங்கும் தமிழ்ப் பிள்ளைக்கு அதைக் கண்டால் பாதி ஏக்கம் போய்விடும்.

காசை எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். 2010-க்குப் பிறகு வந்த பழக்கம் இது. கீரை விற்கும் கிழவிகூட ஒரு கறுப்புக் கட்டப் படத்தை மாட்டி வைத்திருப்பாள். செல்போனை அதன் எதிரே காட்டினால் பணம் போய்ச் சேர்ந்துவிடும்.

"ஒரு தட்டு தூக்கம் கொடு!"

எல்லாவற்றையும் சமாளித்துவிடலாம். மொழிதான் ஆளை அடித்துப் போடும்.

சீன மொழியில் ஒரே ஒலியை ராகம் மாற்றிச் சொன்னால் பொருள் மாறிவிடும். "மா" என்று ஒரே சீராகச் சொன்னால் அம்மா. ஏற்றிச் சொன்னால் சணல். இறக்கி ஏற்றினால் குதிரை. வெடுக்கென்று இறக்கினால் திட்டு! (பழந்தமிழிலும் "மா" என்றால் குதிரை என்று ஒரு பொருள் உண்டு. ஆனால் அந்த ஒற்றுமை பரீட்சைக்கு உதவாது.)

தண்ணீரில் வேக வைத்த கொழுக்கட்டைக்கு அங்கே "ஷுய்ஜியாவ்" என்று பெயர். தூங்குவதற்கும் "ஷுய்ஜியாவ்"தான். ராகம் மட்டும் வேறு. பசியோடு கடைக்குப் போய், ராகம் தவறி, "ஒரு தட்டு தூக்கம் கொடு" என்று கேட்டு நிற்பது புது மாணவர்களுக்குச் சகஜம். கடைக்காரி சிரித்துவிட்டுக் கொழுக்கட்டையையே கொடுத்துவிடுவாள்.

ஆனால் ஆஸ்பத்திரியில் சிரித்து ஒதுக்க முடியுமா?

பாடம் ஆங்கிலத்தில் என்பது வகுப்பு அறையோடு சரி. நோயாளிக்கு ஆங்கிலம் தெரியாது. "எங்கே வலிக்கிறது? எத்தனை நாளாக?" என்று சீனத்தில் கேட்டாக வேண்டும். ஆகவே பயிற்சிக்குப் போகும் முன் சீன மொழியில் நான்காம் நிலைப் பரீட்சை தேற வேண்டும் என்று விதித்தார்கள். அந்தக் காலப் பாடத்திட்டப்படி அதற்கு 1,200 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். எழுத்துகளோ ஒவ்வொன்றும் ஒரு சித்திரம்.

இத்தனையும் படித்துவிட்டுப் போனால், கட்டிலில் படுத்திருக்கும் ஊகான் கிழவி பேசுவது ஒன்றும் புரியாது! அவள் பேசுவது ஊர்ப் பேச்சு. "என்ன" என்பதற்குப் புத்தகத்தில் ஒரு சொல். அவள் வாயில் வேறு சொல்.

நம் பிள்ளைகள் மட்டும் திண்டாடவில்லை. 2020-ல் வேறு மாகாணங்களில் இருந்து ஊகானுக்கு உதவிக்கு வந்த சீன டாக்டர்களே விழித்தார்கள். ஷான்டுங் மாகாணத்து டாக்டர்கள், வந்த கையோடு ஊகான் பேச்சுக்கு ஒரு சிறு கையேடு தயாரித்துக்கொண்டுதான் நோயாளிகளிடம் போனார்கள்.

அன்று டாக்டர்கள், இன்று மாணவர்கள்

ஊகானுக்கும் இந்திய வைத்தியத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. 1938-ம் ஆண்டில் சீனாவின்மீது ஜப்பான் படையெடுத்திருந்த சமயம். காயம் பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்ய இந்தியாவில் இருந்து 5 டாக்டர்கள் கப்பல் ஏறிப் போனார்கள். ஹாங்கோவுக்கும் அவர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் சோலாப்பூர்க்காரர், துவாரகாநாத் கோட்னிஸ். அவர் திரும்பி வரவே இல்லை. ஓயாமல் உழைத்து, 1942-ம் ஆண்டில் சீனாவிலேயே இறந்தார். வயது 32. சீனர்கள் அவர் பெயரை இன்றும் மறக்கவில்லை.

அன்று வைத்தியம் செய்யப் போனார்கள். 80 ஆண்டு கழித்து வைத்தியம் படிக்கப் போனார்கள். அந்தப் பிள்ளைகளின் கண் முன்தான் அந்தப் பெரும் நோய் வந்தது.

பூட்டிய நகரம்

2020 ஜனவரி 23-ந் தேதி காலை 10 மணி. சீனப் புத்தாண்டுக்கு இரண்டே நாள் இருந்தது. ஊகான் நகரை விட்டு யாரும் வெளியேற முடியாதபடி போக்குவரத்தை நிறுத்தினார்கள். ரெயில் இல்லை, விமானம் இல்லை, பஸ் இல்லை. காரணம், கொரோனா.

சீன மாணவர்கள் விடுமுறைக்கு முன்பே ஊருக்குப் போய்விட்டார்கள். விடுதிகளில் மிச்சம் இருந்தவர்கள் வெளிநாட்டுப் பிள்ளைகள். இந்தியாவில் பெற்றோர் டெலிவிஷன் முன்னால் இருந்து எழவில்லை. "சாப்பிட்டாயா? மூக்கை மூடிக்கொண்டாயா?" என்ற கேள்வியே நாள் முழுவதும்.

ஜனவரி 30-ந் தேதி இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி கண்டுபிடிக்கப்பட்டார். அவர் ஊகானில் இருந்து கேரளத்துக்குத் திரும்பிய ஒரு மருத்துவ மாணவி. சிகிச்சை பெற்றுக் குணம் அடைந்தார்.

இந்திய சர்க்கார் இரண்டு ஜம்போ விமானங்களை ஊகானுக்கு அனுப்பியது. பிப்ரவரி 1-ந் தேதி வந்த முதல் விமானத்தில் 324 பேர். அவர்களில் 211 பேர் மாணவர்கள். மறுநாள் வந்த விமானத்தில் 323 இந்தியர்களும் 7 மாலத்தீவுக்காரர்களும் இருந்தார்கள்.

டெல்லியில் இறங்கியதும் வீட்டுக்கு விடவில்லை. மானேசரில் ராணுவ முகாமிலும், சாவ்லாவில் எல்லைப் போலீஸ் முகாமிலும் தனியே வைத்தார்கள். நோய் இல்லை என்று நிச்சயம் ஆன பிறகே ஊருக்கு அனுப்பினார்கள். ஊருக்கு வந்தாலும் அக்கம்பக்கத்தார் பார்த்த பார்வை வேறு!

ஊகான் 76 நாள் பூட்டிக் கிடந்து, ஏப்ரல் 8-ந் தேதி திறந்தது. ஆனால் அதற்குள் மார்ச் 28-ந் தேதியே வெளிநாட்டார் சீனாவுக்குள் வரக் கூடாது என்று கதவை அடைத்துவிட்டார்கள். ஒரு மாதம், இரண்டு மாதம் என்று நினைத்த பிள்ளைகள் 2 ஆண்டுக்கு மேல் வெளியே நின்றார்கள். உடுப்பும் புத்தகமும் விடுதி அறையிலேயே கிடந்தன.

பாடம் செல்போனில் வந்தது. அதற்கும் ஓர் இடையூறு. சீனாவில் ஆசிரியரும் மாணவரும் பேசிக்கொள்ளப் பயன்படுத்தியது "வீசாட்". எல்லையில் தகராறு மூண்டு, 2020 ஜூன் 29-ந் தேதி 59 சீனச் செயலிகளை இந்தியா தடை செய்தது. வீசாட்டும் அதில் ஒன்று! இரு நாட்டுச் சண்டையில் மாணவர்களின் வகுப்பும் அடிபட்டது.

கோர்ட்டு ஏறிய படிப்பு

நாடியைச் செல்போனில் பிடிக்க முடியுமா? பிரசவம் பார்க்கக் கண்ணாடியில் கற்க முடியுமா? "செய்முறைப் பயிற்சி இல்லாதவர்களை டாக்டர்கள் என்று ஏற்க முடியாது" என்று மருத்துவ ஆணையம் சொன்னது. நியாயம்தான். ஆனால் 5 ஆண்டு படித்துவிட்டு நிற்கும் பிள்ளை என்ன செய்வான்? அதுவும் நியாயமான கேள்வியே.

சென்னை ஐகோர்ட்டில் இருந்து ஒரு வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2022 ஏப்ரல் 29-ந் தேதி தீர்ப்பு வந்தது. பயிற்சி கட்டாயம் வேண்டும். ஆனால் இந்த மாணவர்களுக்கு ஒரு வழி காட்டும் திட்டத்தை 2 மாதத்தில் வகுக்க வேண்டும் என்று நீதிபதிகள் கூறினார்கள். கடைசி ஆண்டில் ஊர் திரும்பி, 2022 ஜூன் 30-க்குள் பட்டம் முடித்தவர்கள் இந்தியப் பரீட்சை எழுதலாம், தேறினால் ஓர் ஆண்டுக்குப் பதில் 2 ஆண்டு இங்கே பயிற்சி பெற வேண்டும் என்று ஏற்பாடு ஆயிற்று.

மற்றவர்களுக்கு? 2022 ஆகஸ்டு 24-ந் தேதி சீனா மறுபடி விசா கொடுக்கத் தொடங்கியது. பிள்ளைகள் மறுபடி பெட்டி கட்டினார்கள். மறுபடி கடன். சுற்று வழியாக விமானம். போய் இறங்கியதும் தனி அறையில் அடைப்பு.

அந்த ஆண்டு செப்டம்பரில் சீனாவில் உள்ள இந்தியத் தூதரகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ஆங்கிலத்தில் டாக்டர் படிப்பு நடத்த அனுமதி பெற்ற சீனக் கல்லூரிகள் 45 மட்டுமே என்றும், புதிதாகச் சேருகிறவர்கள் அங்கேயே தொழில் பார்க்கும் தகுதியும் பெற வேண்டும் என்றும் அதில் கூறி இருந்தது.

இன்னொரு கணக்கும் அதில் இருந்தது. 2015-ல் இருந்து 2021 வரை சீனாவில் படித்துவிட்டு இந்தியப் பரீட்சை எழுதியவர்கள் 40,417 பேர். தேறியவர்கள் 6,387 பேர். அதாவது 100-க்கு 16 பேர்!

பரீட்சைக்கு 300 கேள்விகள். 150 மார்க் வாங்கினால் பாஸ். 6 ஆண்டு சீனத்தில் பேசி, ஊகான் கிழவியின் பேச்சும் பழகி, வலி எங்கே என்று ராகம் தவறாமல் கேட்கத் தெரிந்தவனும் அதை எழுதித்தான் ஆக வேண்டும். அதில் சீன மொழியில் ஒரு கேள்விகூடக் கிடையாது.