கொட்டேஷனுக்குள் டி.சி.யைச் செருகுவது எப்படி?

சாத்தாங்காடு இரும்புச் சந்தையிலிருந்து பிளேட், ஆங்கிள், சேனல் எது லாரி ஏறினாலும் அதற்கென்று ஒரு காகிதம் உண்டு. ஆலை தரும் சோதனைச் சான்றிதழ். கடைக்காரர்கள் வாயில் டி.சி. எந்த உருக்கில் பிறந்த எஃகு என்று சொல்லும் ஹீட் நம்பர், கார்பன், மாங்கனீசு, கந்தகம், பாஸ்பரஸ் அளவுகள், இழுவைக்கு எவ்வளவு தாங்கும் என்பதெல்லாம் அதில் கட்டம் கட்டமாக இருக்கும். இப்போது அது பெரும்பாலும் பி.டி.எஃப்.ஆக வருகிறது. வாங்குபவரோ, "கொட்டேஷனோட டி.சி.யையும் சேர்த்து ஒரே ஃபைலா அனுப்புங்க" என்பார். கொட்டேஷன் வேர்டில் இருக்கிறது. அங்கேதான் சிக்கல்.

அடோபி நிறுவனத்தின் ஜான் வார்னாக் 1991இல் எழுதிய 'கேமலாட்' திட்டக் குறிப்பிலிருந்து பிறந்து, 1993இல் வெளிவந்தது பி.டி.எஃப். எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த பிரிண்டரில் அடித்தாலும் பக்கம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது நோக்கம். அதனால் அதற்குள் பத்தி என்று ஒன்று இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு ஏ4 பக்கம் ஏறத்தாழ 595க்கு 842 பாயின்ட். ஓர் அங்குலத்துக்கு 72 பாயின்ட். கீழ் இடது மூலையிலிருந்து அளந்து, இந்த இடத்தில் இந்த எழுத்தை வரை, இங்கிருந்து அங்கே கோடு போடு என்ற கட்டளைகள்தாம் உள்ளே இருக்கின்றன. நம் கண்ணுக்கு அட்டவணையாகத் தெரிவது பல ஃபைல்களில் வெறும் கோடுகளும் எண்களும்தான். வேர்டு ஃபைல் இன்னும் வெட்டாத பிளேட் என்றால், பி.டி.எஃப். வெட்டி வெல்டு வைத்து முடித்த சட்டம்.

வேர்டு 2013 முதல் பி.டி.எஃப்.ஐ நேரடியாகத் திறந்து, திருத்தக்கூடிய பக்கமாக மாற்றித் தருகிறது. கடிதம் போன்ற எளிய பக்கத்துக்கு இது போதும். டி.சி.க்கு இந்த வழி வேண்டவே வேண்டாம். கோடுகளின் இடத்தை வைத்து எது எந்தக் கட்டம் என்று வேர்டு ஊகிக்கிறது. ஊகம் தவறினால் கார்பன் எண் மாங்கனீசுக் கட்டத்தில் போய் உட்காரும். ஐ.எஸ். 2062 தரத்தின் இ250 எஃகில் கார்பனின் உச்சவரம்பு, உட்பிரிவைப் பொறுத்து 0.20 முதல் 0.23 விழுக்காடு வரைதான். புள்ளி ஓரிடம் நகர்ந்தால் சரக்கே வேறாகிவிடும். தவிர, யாரும் தட்டித் திருத்தக்கூடிய சான்றிதழை யார் நம்புவார்?

தமிழ்ப் பக்கமாக இருந்தால் இன்னும் மோசம். 'கொ' என்பதை யூனிகோடு முதலில் 'க', பிறகு ஒகரக் குறி என்று வைத்திருக்கிறது. பி.டி.எஃப்.பில் இருப்பதோ கண்ணுக்குத் தெரியும் வரிசை: கொம்பு, க, கால். நகலெடுத்து ஒட்டினால் கொம்பு தனியே துண்டாகி நிற்பது இதனால்தான். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த 'அம்மா', அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலக் குப்பையாக வந்து விழும். தமிழக அரசு 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்தைய ஃபைல்கள் இன்னும் நம்மிடையே உலவுகின்றன.

வேர்டில் இன்செர்ட், ஆப்ஜெக்ட் வழியாகப் போனால் மூல பி.டி.எஃப். அப்படியே உள்ளே பதியும். ஆனால் வெளியே தெரிவது முதல் பக்கம் மட்டும், அல்லது வெறும் ஐகான். பிரிண்ட் எடுத்தாலும் அவ்வளவுதான் வரும். மூன்று பக்க டி.சி.யில் பின்னிரண்டு பக்கங்கள் காணாமல் போகும்.

பக்கத்தைப் படமாக்கிச் செருகுவது பரவலான வழி. அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தால் ஏ4 பக்கம் 2480க்கு 3508 புள்ளியாகும். சின்ன எண்களும் தெளிவாக இருக்கும். ஜே.பி.ஜி. எழுத்தின் ஓரத்தை மங்கலாக்கும் என்பதால் பி.என்.ஜி. நல்லது. சேமிக்கும்போது வேர்டு தன்போக்கில் படத்தைச் சுருக்கிவிடும் பழக்கம் உள்ளது. ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய்ப் படச் சுருக்கத்தை நிறுத்திவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

என்னைக் கேட்டால், டி.சி.யை வேர்டுக்குள் கொண்டுவராமல் கொட்டேஷனை பி.டி.எஃப். ஆக்கி, இரண்டையும் இணைப்பதே சரி. பி.டி.எஃப்.சாம் போன்ற இலவச மென்பொருள் போதும். எழுத்து எழுத்தாகவே இருக்கும், ஹீட் நம்பரைத் தேடவும் முடியும். வேர்டில் 'இணைப்பு 1' என்று ஒரு தலைப்புப் பக்கம் மட்டும் விட்டுவைத்தால் போதும்.

டி.சி.யில் டிஜிட்டல் கையொப்பம் இருந்தால் மட்டும் இணைக்கக் கூடாது. ஃபைலின் ஒவ்வொரு பைட்டையும் கணக்கிட்டு வைத்த கையொப்பம் அது. வேறொரு ஃபைலோடு சேர்த்த கணமே செல்லாததாகிவிடும். அப்படிப்பட்ட டி.சி.யைத் தொடாமல், மின்னஞ்சலில் இரண்டாவது ஃபைலாக அனுப்ப வேண்டும், வாங்குபவர் ஒரே ஃபைல்தான் வேண்டும் என்று எவ்வளவு வற்புறுத்தினாலும்.