கீரையும் ரத்தக்குழாயும்

ஃபேரர் பார்க்கிலிருந்து ஒரு எம்ஆர்டி நிலையம் தள்ளி இருக்கிறது தேக்கா சந்தை. அங்கே கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும் கீரைக்கும் நம் ரத்தக்குழாய்க்கும் என்ன தொடர்பு?

சிங்கப்பூரில் 2021-2022ல் நடந்த தேசிய மக்கள் சுகாதார ஆய்வில், 18 முதல் 74 வயது வரை உள்ளவர்களில் சுமார் 37 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று உடற்பருமன். பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமலேயே இந்நோய் இதயம், மூளை, சிறுநீரகம் ஆகியவற்றைக் கெடுத்துவிடும்.

ரத்தக்குழாயின் உட்புறத்தை மெல்லிய உயிரணுப் படலம் ஒன்று மூடியிருக்கிறது. 1980ல் அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் ஃபர்ச்காட், முயலின் ரத்தக்குழாய்த் துண்டுகளில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சேர்த்துப் பார்த்தார். படலம் நன்றாக இருந்த துண்டுகள் தளர்ந்தன. படலம் தேய்ந்துபோனவை தளரவில்லை. படலம் ஏதோ ஒரு பொருளைச் சுரந்து தசையைத் தளர்த்துகிறது என்பது புரிந்தது. அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு எனப் பின்னர் தெரியவந்தது. ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராத் மூவரும் 1998ல் மருத்துவ நோபல் பரிசு பெற்றனர்.

உடல் பருக்கும்போது என்ன நடக்கிறது? வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு, அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கிறது. குழாய்ச் சுவரில் சூப்பர்ஆக்சைடு பெருகி, நைட்ரிக் ஆக்சைடை வேலை செய்யவிடாமல் அழிக்கிறது. குழாய் இறுகுகிறது, அழுத்தம் ஏறுகிறது. சிறுநீரகம் உப்பைத் தேக்கிவைப்பதும் இதோடு சேர்ந்துகொள்கிறது.

இங்கேதான் கீரை வருகிறது. பசலைக்கீரையிலும் பீட்ரூட்டிலும் நைட்ரேட் மிகுதி. நம் நாக்கில் வாழும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. விழுங்கிய பிறகு, உடலுக்குள் அதில் ஒரு பகுதி நைட்ரிக் ஆக்சைடாகிறது. கிருமிகளைக் கொல்லும் வாய்க்கொப்பளிப்பு மருந்தை அடிக்கடி பயன்படுத்தினால் இந்த மாற்றம் குறைந்துவிடும்! வெங்காயத்தில் உள்ள குவெர்செட்டின், தேநீரில் உள்ள கேட்டச்சின் ஆகியவையும் உட்படலத்திற்கு உதவுவதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன.

“அப்படியென்றால் பீட்ரூட் சாறு குடித்துவிட்டுத் தாத்தா மாத்திரையை நிறுத்திவிடலாமா?” என்று கேட்பீர்கள். கூடாது. பீட்ரூட் சாற்றால் குறையும் அழுத்தம் சில அலகுகள்தான். அது மாத்திரைக்கு ஈடாகாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கீரையின் அளவையும் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யவேண்டும்.

உங்கள் வயதில் செய்யக்கூடியது எளிது: தட்டில் காய்கறியைக் கூட்டுங்கள், ஊறுகாயையும் அப்பளத்தையும் குறையுங்கள், தினமும் ஓடியாடி விளையாடுங்கள். உடற்பயிற்சியின்போது விரைந்தோடும் ரத்தமும் அந்தப் படலத்தை நைட்ரிக் ஆக்சைடு சுரக்கச் செய்யும்.