குறிக்கோளும் வழிமுறையும்

ஓர் அமைப்பு தன் குறிக்கோளை எவ்வாறு வகுக்கிறது? இவ்வினாவை ஆராய, கருநாடக எல்லையை ஒட்டிய ஓசூர் ஏற்ற களமாகும். அங்குள்ள டி.வி.எஸ். மோட்டார் நிறுவனம் 2002-இலும், அசோக் லேலண்டின் இரண்டாம் ஆலை 2017-இலும் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றன. நிறுவனத்தின் கொள்கை எவ்வாறு வகுக்கப்பட்டுக் கீழ்நிலைவரை செல்கிறது என்பதும் அப்பரிசுக்கான மதிப்பீட்டில் ஆராயப்படுகிறது.

1954-இல் பீட்டர் டிரக்கர் குறிக்கோள்வழி மேலாண்மையை விளக்கினார். முழு நிறுவனத்தின் நோக்கத்தை உணர்ந்து, ஒவ்வொரு மேலாளரும் தம் குறிக்கோளைத் தாமே வகுத்துத் தம்மைத் தாமே நெறிப்படுத்த வேண்டும் என்பது அவர் கருத்து. நடைமுறையிலோ பல இடங்களில் அது மேலிருந்து இறங்கும் வெறும் எண்ணிக்கையாகச் சுருங்கிற்று. பரிசுக்குத் தம் பெயரைத் தந்த எட்வர்ட்ஸ் டெமிங் 1980-களில் இதனை வன்மையாக எதிர்த்தார். விளைச்சலின் பெரும்பகுதி எந்திரம், மூலப்பொருள், பயிற்சி, வேலை ஒழுங்கு ஆகியவற்றைப் பொறுத்தது. இவற்றை மாற்றும் அதிகாரம் தொழிலாளியிடம் இல்லை. வழிகாட்டாது எண்ணிக்கையை மட்டும் சுமத்தினால் அச்சம் பிறக்கும், குறைகள் மறைக்கப்படும்.

ஜப்பானியர் வளர்த்த 'ஹோஷின் கன்ரி' முறை இதற்கு மாற்றாகும். தலைமை ஆண்டுக்குச் சில முதன்மைக் குறிக்கோள்களையே முன்வைக்கும். எடுத்துக்காட்டாக, பழுதான உதிரிப்பாகங்களைப் பாதியாகக் குறைப்பது என வைத்துக்கொள்வோம். பட்டறையினர் உடனே தலையசைப்பதில்லை. "வெட்டுக்கருவி தேய்ந்துவிடுகிறது, அதனை இன்னும் விரைவில் மாற்ற வேண்டும், புதியவர்களுக்குப் பயிற்சி வேண்டும்" என மறுமொழி தருவர். அது மேலே சென்று, திருத்தம் பெற்று, மீண்டும் கீழே வரும். இப்பரிமாற்றத்தைப் பந்தெறிந்து பிடிப்பதற்கு ஒப்பிடுவர். முடிவில் குறிக்கோளும் அதற்குரிய வழியும் ஒருங்கே உறுதியாகும். பின்னர்க் காலந்தோறும் மீளாய்வு நடைபெறும். இலக்குத் தவறின் முதலில் ஆராயப்படுவது ஆள் அன்று, வழிமுறையே.

ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. இப்பந்து ஒப்பந்தத் தொழிலாளியின் கைக்கும் எட்டுகிறதா? அவர் சுமக்கும் இலக்கைக் குறித்து அவரிடம் எவரேனும் கேட்டதுண்டா? ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் பணிபுரியும் ஆயர், தம் சபையாரின் வேலைச்சுமையைப் புரிந்துகொள்ள இவ்வினாவை அறிந்திருத்தல் நலம்.

திருச்சபையும் ஓர் அமைப்பே. உறுப்பினர் தொகையும் காணிக்கையும் இவ்வளவு உயர வேண்டும் என்று குழு தீர்மானிக்கும்போது, அதனைச் செய்து முடிக்க வேண்டிய கிராம ஊழியர் அவ்வறையில் இருந்தாரா? அவருக்குத் தரப்பட்ட வழியும் வசதியும் யாவை? இவற்றிற்கு விடையின்றி எழுதப்படும் எண், குறிக்கோள் ஆகாது. பிறர் தோளில் வைக்கப்பட்ட சுமையே ஆகும்.