இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்கலாமா?

தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லுக்குக் குறைவில்லை. ஆனால் தீட்டிய அரிசியில் இரும்புச்சத்து சொற்பம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிக்கு நாலாம் மாதம் முதல் 180 நாள், தினம் ஒரு மாத்திரை: 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம்.

பிள்ளைக்கு என்ன லாபம்? தாய்க்கு ரத்தசோகை முற்றினால் குறைமாதப் பிரசவமும் எடைக்குறைவும் கூடும். முதல் மாதத்தில் இறக்கும் சிசுக்களில் பெரும்பாலோர் இப்படிப் பிறந்தவர்களே.

டீயோடு விழுங்கினால் அதிலுள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். கால்சியம் மாத்திரையும் சேர்ந்து போகக்கூடாது. எலுமிச்சைச் சாறு உதவும். "வெளிக்கிப் போனா கறுப்பாப் போவுதே சிஸ்டர்" என்று நிறுத்திவிடுவோர் உண்டு. அது உடம்பில் சேராத இரும்பு, அவ்வளவுதான்.

ஃபோலிக் அமிலம் காக்க வேண்டிய கருவின் தண்டுவடக் குழாயோ (நரம்புக் குழாய்) கரு உண்டான 28 நாளில் மூடிவிடும். நாலாம் மாத மாத்திரை அதற்கு எட்டாது. ஃபோலிக் அமிலத்தை மட்டும் கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டும்.