பழைய காருக்கு டர்போ போடலாமா? மதுரை வெயிலுக்கும் கொடைக்கானல் மலைக்கும் ஏற்ற என்ஜின் எது?

மதுரை:

"அண்ணே, இதுக்கு ஒரு டர்போ மாட்டி விட்டா வண்டி சும்மா பறக்கும்ல?"

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கிய இளைஞர்கள் மெக்கானிக் ஷெட்டில் கேட்கும் கேள்வி இது. கேட்பது ஈஸி. விவரம் தெரியாமல் இறங்கினால் காரும் போகும், காசும் போகும். சில நேரம் ஆளே போய்விடும் ஆபத்தும் இருக்கிறது.

சாதா என்ஜினா, டர்போவா? காசை எதில் போடுவது? பார்ப்போம்.

காற்றுதான் விஷயமே

என்ஜினுக்கு பெட்ரோல் மட்டும் போதாது. அதை எரிக்க காற்றும் வேண்டும். சாதா என்ஜினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது வெளிக்காற்று தானாக உள்ளே வரும். இதைத்தான் கம்பெனிக்காரர்கள் 'நேச்சுரலி ஆஸ்பிரேட்டட்' என்கிறார்கள்.

டர்போ கதை வேறு. சைலன்சர் வழியாக வீணாகப் போகும் புகை, ஒரு சின்ன சக்கரத்தை சுற்றி விடும். அதே தண்டில் மறுபக்கம் இருக்கும் இன்னொரு சக்கரம், வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் திணிக்கும். இது நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். காற்று கூடினால் பெட்ரோலும் கூடுதலாக எரியும், பவர் ஏறும். சுவிட்சர்லாந்து என்ஜினியர் ஒருவர் 1905-ம் ஆண்டிலேயே காப்புரிமை வாங்கிய வித்தை இது.

ஒரே கார், இரண்டு என்ஜின்

2023-ல் வந்த மாருதி பிராங்க்ஸ் காரையே எடுத்துக்கொள்வோம். அதில் 1.2 லிட்டர் சாதா பெட்ரோல் என்ஜின் சுமார் 90 குதிரைத்திறன் தரும். 1.0 லிட்டர் டர்போ 100 தரும். இது பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும்.

இழுவையில்தான் சூட்சுமம். சாதா என்ஜினின் இழுவை 113 நியூட்டன் மீட்டர். அதுவும் 4 ஆயிரத்து 400 சுற்றில்தான் முழுசாக வரும். டர்போவில் 147. அது 2 ஆயிரம் சுற்றிலேயே கிடைத்துவிடும். என்ஜின் சிறியது, ஆனால் இழுவை பெரியது.

சாதா என்ஜினுக்கும் ஒரு பெருமை உண்டு. ஆக்சிலேட்டரை மிதித்த உடனே, மிதித்த அளவுக்கு வண்டி நகரும். டர்போவில் சக்கரம் வேகம் பிடிக்க ஒரு கணம் ஆகும். பிறகு திடீரென்று தள்ளும். பழகாதவர்கள் வளைவில் தடுமாறுவது இங்கேதான்.

மலை ஏறினால் மூச்சு வாங்கும்

மதுரையில் இருந்து வத்தலக்குண்டு வரை சமவெளி. அதுவரை சாதா என்ஜினே தாராளம். காமக்காபட்டி தாண்டி மலை ஏறும்போதுதான் நிலைமை மாறும்.

கொடைக்கானல் சுமார் 7 ஆயிரம் அடி உயரம். அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய 5-ல் ஒரு பங்கு குறைவு. காற்றை நம்பியிருக்கும் சாதா என்ஜினுக்கும் பவர் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். 90 குதிரை இழுத்த வண்டியில் மேலே போகும்போது 70, 75 குதிரைதான் மிச்சம். டர்போவோ காற்றை அமுக்கித் தருவதால் இந்த இழப்பில் பெரும்பகுதியை சரிக்கட்டிவிடும்.

ஆனால் டர்போவுக்கு சூடு எதிரி. காற்றை அமுக்கினாலே அது சூடாகும். அதைக் குளிரவைக்க 'இன்டர்கூலர்' இருக்கிறது. சித்திரை வெயிலில், 40 டிகிரி சூட்டில், கோரிப்பாளையம் நெரிசலில் வண்டி நின்றால் அதுவும் திணறும்.

பழைய வண்டியில் மாட்டினால்?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கம்பெனி டர்போ கார் என்றால் பிஸ்டன், கனெக்டிங் ராடு, ரேடியேட்டர், கிளட்ச் எல்லாம் அந்த அழுத்தத்துக்கு ஏற்றபடி செய்தவை. சாதா என்ஜின் அப்படி இல்லை. அதில் கூடுதல் காற்றைத் திணித்தால் பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கும். 'நாக்கிங்' என்பது இதுதான். ஹெட் கேஸ்கட் போகும், பிஸ்டன் ஓட்டையாகும். வேகம் கூடி பிரேக் பழையதாகவே இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சட்டமும் விடாது. கம்பெனி தந்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவு தடை போடுகிறது. சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டப்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் கிடைக்கலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணத்துக்கும் சிக்கல் வரும்.

அப்போ என்னதான் செய்வது?

பழைய சாதா வண்டி இழுக்கவில்லை என்றால் முதலில் ஏர் பில்டர், ஸ்பார்க் பிளக், வால்வு, கம்ப்ரஷன் பாருங்கள். டயரையும் பிரேக்கையும் மாற்றுங்கள். தொலைந்த பவர் திரும்பி வந்தாலே பாதி ஆசை தீர்ந்துவிடும். குடும்பத்தோடு அடிக்கடி மலை ஏறுபவர், ஆள் ஏற்றி ஓட்டுபவர் என்றால், அடுத்த வண்டி வாங்கும்போது கம்பெனி டர்போவாகவே வாங்குங்கள்.

டர்போ வண்டி வைத்திருப்பவர்கள் ஆயிலை நாள் தவறாமல் மாற்ற வேண்டும். டர்போ தண்டு ஓடுவதே ஆயிலில்தான். மலை ஏறி முடித்தவுடன் சாவியைத் திருகாதீர்கள். ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு, சூடு தணிந்த பிறகு அணையுங்கள்.

வேகம்தான் வேண்டும் என்பவர்களுக்கு நான்கு வழிச்சாலை இடம் அல்ல. கோவை செட்டிப்பாளையத்திலும், சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையிலும் பந்தய மைதானம் இருக்கிறது. நம்ம ஊர் பசங்க பந்தயம் பழகிய எல்.ஜி.பி. பார்முலா 4 காரில் இருப்பது 1.3 லிட்டர் சாதா மாருதி என்ஜின்தான். நம்ம கோவை நரேன் கார்த்திகேயன் 2005-ல் பார்முலா 1-ல் ஓட்டியதும் டர்போ இல்லாத காரைத்தான்.

ஆக, பழைய வண்டிக்கு டர்போ மாட்ட எடுத்து வைத்த காசில் முதலில் நல்ல பிரேக் போடுங்கள். வேகமாகப் போவதைவிட, வீடு வந்து சேருவதுதானே முக்கியம்!