பினாங்கு பழைய வீட்டில் ஒரு ராத்திரி தங்கலாம்! அங்கே குடியிருந்தவர்கள் எங்கே?

கூத்தாநல்லூர்:-

கூத்தாநல்லூர்க்காரர்கள் ஒரு காலத்தில் கப்பலேறிப் போன பினாங்கில், நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழைய கடைவீடுகள் பல இப்போது சிறிய விடுதிகளாகி விட்டன. ராத்திரிக்கு இவ்வளவு என்று காசைக் கட்டினால், மரப்படி ஏறி, முற்றத்தைப் பார்த்த அறையில் படுத்துத் தூங்கலாம்.

ஆனால் இப்படிப்பட்ட அறைகளில்தான் 30 வருஷத்துக்கு முன் குடும்பங்கள் சோறாக்கிச் சாப்பிட்டு, பிள்ளைகளைப் படிக்க வைத்துக் கொண்டிருந்தன. அந்தக் குடும்பங்கள் எங்கே?

இது பற்றிய விவரம் வருமாறு:-

கப்பலேறிய ஊர்

மன்னார்குடியிலிருந்து திருவாரூர் போகும் வழியில் இருக்கிறது கூத்தாநல்லூர். பழைய தஞ்சை ஜில்லாவில் இருந்து, 1991-ல் நாகை மாவட்டத்துக்குப் போய், 1997-ல் திருவாரூர் மாவட்டத்துக்கு வந்த ஊர். சுற்றிலும் நெல் வயல். ஊருக்குள் பெரிய பெரிய வீடுகள். "சின்ன சிங்கப்பூர்" என்று பட்டப் பெயர்.

காரணம் தெரிந்ததுதான். கடல் கடந்து போய் வியாபாரம் செய்த காசில் எழும்பிய வீடுகள் அவை. "எங்க அத்தா ரஜூலா கப்பல்ல போனவங்க" என்று பெருமையாகச் சொல்லும் வீடுகள் இன்றும் உண்டு.

ரஜூலா என்பது 1926-ல் ஓடத் தொடங்கிய எஸ்.எஸ்.ரஜூலா கப்பல். சென்னையில் புறப்பட்டு, நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றி, பினாங்கு, சிங்கப்பூர் என்று போகும். 1973-ல் அது ஓய்வு பெற்றது. அடுத்து வந்த எம்.வி.சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பல உயிர்கள் போயின. அதோடு அந்தக் கப்பல் பயணமும் முடிந்தது.

இப்போது எல்லாம் ஆகாய விமானம்தான். 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானமும் தொடங்கியது. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமலே மலேசியாவில் 30 நாள் தங்கலாம் என்று அந்த நாட்டு அரசு சலுகை கொடுத்தது.

ஆகவே, முன்பு பிழைக்கப் போன ஊருக்கு இப்போது சுற்றிப் பார்க்கப் போகிறார்கள்.

"என்ன பாய், பினாங்கு போறீங்களாமே! எங்க தங்கப் போறீங்க?"

டீக்கடையில் இப்படி ஒருவர் கேட்டால், இப்போது அதிகம் கிடைக்கும் பதில், "பழைய வீடுதான் தம்பி, சூலியா தெருவுல!"

சூலியா யார்?

பினாங்கு தீவின் தலைநகரம் ஜார்ஜ் டவுன். 1786-ல் பிரான்சிஸ் லைட் என்ற வெள்ளைக்காரர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிடித்த தீவு அது. அங்கே போன தமிழ் முஸ்லிம் வியாபாரிகளுக்கு "சூலியா" என்று பெயர். அவர்கள் பெயரில் ஒரு தெருவே இருக்கிறது. மலாய் மொழியில் "லெபு சூலியா".

சோழமண்டலக் கரையிலிருந்து வருஷத்துக்கு 1,300 பேர் முதல் 2,000 பேர் வரை கப்பலில் வருகிறார்கள், நாலு காசு சேர்த்துக் கொண்டு ஊர் திரும்புகிறார்கள், அந்த இடத்துக்கு வேறு ஆட்கள் வருகிறார்கள் என்று 1794-லேயே லைட் எழுதி வைத்திருக்கிறார். சோழமண்டலக் கரை என்றால் நம்ம கரைதான்!

சூலியா தெருவுக்குப் பக்கத்தில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். 1801-ல் காதர் மைதீன் மரைக்காயர் என்ற தமிழ்த் தலைவர் காலத்தில் எழும்பியது. நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்காவும் அங்கே உண்டு. கொஞ்சம் தள்ளி, குயின் தெருவில் 1833-ல் கட்டிய மகா மாரியம்மன் கோவில். அதே வட்டாரத்தில் சீனர் கோவில், வெள்ளைக்காரர் சர்ச்சு. எல்லாம் நடந்து போகிற தூரம்தான்.

இந்தத் தெருக்களுக்கு வெளியூர் ஆளைத் தங்க வைப்பது புதுசு அல்ல. அச்சின் தெருவில் ஹஜ் பயணிகள் மூட்டை முடிச்சோடு காத்துக் கிடந்துதான் கப்பலேறினார்கள். சூலியா தெருவில் 1970-களில் முதுகுப் பை மாட்டிய வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மலிவு விடுதிகள் நடந்தன.

உள்ளே எப்படி இருக்கும்?

கடைவீடு என்றால் கீழே கடை, மேலே வீடு. முகப்பு குறுகல். உள்ளே ரயில் பெட்டி மாதிரி நீளம். நடுவே வெயிலும் மழையும் காற்றும் இறங்க ஒரு முற்றம். நம்ம டெல்டா வீட்டு முற்றம் போலத்தான், கொஞ்சம் சிறியது.

வாசலில் நீளமாக ஒரு நிழல் நடை. அதற்கு மலாய்ப் பெயர் "காக்கி லீமா". ஐந்தடி என்று அர்த்தம். கடைக்காரர் எல்லோரும் முகப்பில் கூரை போட்ட நடைபாதை விட வேண்டும் என்று 1822-ல் சிங்கப்பூரில் ராபிள்ஸ் போட்ட விதி அந்த வட்டாரம் முழுக்கப் பரவியது. வெயில், மழை இரண்டுக்கும் நடந்து போகிறவன் தப்பினான்.

விடுதியாக மாற்றும் போது சுண்ணாம்புச் சுவரையும், மரப் பலகைத் தளத்தையும், பலகைச் சட்டம் போட்ட ஜன்னலையும் அப்படியே வைத்துக் கொள்கிறார்கள். குளியலறையும் குளிர்சாதனமும் புதிதாக வரும்.

தங்கப் போகிறவர் தெரிந்து கொள்ள வேண்டிய சங்கதிகள் சில உண்டு.

லிப்ட் இருக்காது. செங்குத்தான மரப்படிதான். முழங்கால் வலி உள்ள பெரியவர்களைக் கூட்டிப் போனால் கீழ்த்தளத்து அறை கேட்க வேண்டும். பலகைத் தளம் என்பதால் மேலே ஒருவர் நடந்தால் கீழே சத்தம் கேட்கும். சில அறைகளுக்கு ஜன்னல் முற்றத்தைப் பார்த்துத்தான் இருக்கும், தெருவைப் பார்க்காது. முன்கூட்டியே கேட்காமல் பணம் கட்டிவிட்டு அங்கே போய்ச் சண்டை போட்டுப் பயன் இல்லை.

அறை வாடகை தவிர வரி ஒன்றும் உண்டு. 2017 செப்டம்பர் 1 முதல் வெளிநாட்டுக்காரர்களுக்கு ராத்திரிக்கு, அறைக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி. நம்ம காசுக்குச் சுமார் 200 ரூபாய்!

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. தெருவில் இறங்கினால் நாசி கண்டார். தமிழ் முஸ்லிம்கள் காவடித் தண்டின் இரண்டு பக்கமும் பானையைத் தொங்க விட்டுக் கொண்டு சோறு விற்றதால் வந்த பெயர் அது.

பிள்ளை சாகும் வரை விற்காதே!

இப்படி மாறிய வீடுகளில் பேர் போனது லீத் தெருவில் உள்ள நீல மாளிகை. சியோங் பாட் ட்சே என்ற சீனக் கோடீசுவரர் கட்டியது. 38 அறை, 5 முற்றம், 220 ஜன்னல். சுவருக்கு அடித்த நீலம் எங்கிருந்து வந்தது தெரியுமா? இந்தியாவில் விளைந்த அவுரி! சுண்ணாம்பில் கலந்து அடித்தார்கள்.

1916-ல் அவர் இறந்தார். "கடைசி மகன் உயிரோடு இருக்கும் வரை இந்த வீட்டை விற்கக் கூடாது" என்று உயில். கடைசி மகன் காலமானது 1989-ல்!

அதற்குள் மாளிகை பாழடைந்தது. எத்தனையோ குடும்பங்கள் உள்ளே ஒண்டுக் குடித்தனம். சிலர் சேர்ந்து வாங்கிப் பழுது பார்த்தார்கள். 2000-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. இப்போது அது ஓட்டல். சினிமாப் படப்பிடிப்பும் நடந்திருக்கிறது.

மாளிகை பிழைத்தது. சந்தோஷம்தான். ஆனால் எல்லா வீட்டுக் கதையும் விருதோடு முடியவில்லை.

ஒரே நாளில் போன சட்டம்

மலேசியாவில் 1966-ல் ஒரு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. 1948-க்கு முன் கட்டிய வீடுகளுக்கு வாடகையை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. குடியிருப்பவரைச் சும்மா காலி பண்ணச் சொல்லவும் முடியாது. ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் ஏராளமானவை இந்தச் சட்டத்துக்குள்தான் இருந்தன.

இதில் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. வீட்டுக்காரருக்கு வருகிற வாடகை ஓடு மாற்றக்கூடக் காணாது. அதனால் அவர் பழுது பார்க்கவில்லை. கூரை ஒழுகியது. குடியிருந்தவருக்கோ மலிவு வாடகையை விட்டால் டவுனுக்குள் வேறு இடம் இல்லை. தையற்காரர், தச்சர், ரொட்டி விற்பவர், சின்னச் சின்ன மளிகைக் கடைக்காரர் இவர்கள்தான் அந்த வீடுகளில் இருந்தவர்கள்.

1997-ல் அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள். அவகாசம் முடிந்தது 2000 ஜனவரி 1-ந் தேதி.

புது வருஷம் பிறந்தது. வாடகை எகிறியது. கட்ட முடியாதவர்கள் சாமானைக் கட்டிக் கொண்டு ஊருக்கு வெளியே அடுக்கு மாடிக்குப் போனார்கள். தலைமுறையாக இருந்த தெருக்களில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன.

குருவிக்கு வீடு! மனிதனுக்கு?

காலியான வீடுகளில் சிலவற்றுக்கு வந்த புது வாடகைதாரர் யார் என்றால் சிரிப்பதா, அழுவதா என்று தெரியாது. உழவாரக் குருவிகள்!

இந்தக் குருவி எச்சிலால் கட்டும் கூட்டைச் சீனர்கள் சூப் வைத்துக் குடிப்பார்கள். பொன் விலை. ஆகவே ஜன்னலை அடைத்து, உள்ளே இருட்டாக்கி, குருவிச் சத்தத்தை ஒலிபெருக்கியில் போட்டுக் குருவியை வரவழைத்தார்கள். ஈரமும் எச்சமும் சேர்ந்து சுவர் கெட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கம் போனது.

2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதன் பிறகுதான் குருவிகளுக்குக் கெடு வைத்தார்கள். 2013 முடிவதற்குள் பாரம்பரிய எல்லைக்குள் குருவி வளர்ப்பு இருக்கக் கூடாது என்று உத்தரவு.

குருவி போனது. குடித்தனம் திரும்பவில்லை. விடுதியும் காப்பிக் கடையும் வந்தன.

விடுதியால் நன்மையே இல்லையா? உண்டு. ஒழுகிய கூரைக்கு ஓடு வந்தது. சுண்ணாம்பு பூசத் தெரிந்த கொத்தனாருக்கு மீண்டும் வேலை வந்தது. லிட்டில் இந்தியாவில் பழைய சீன மருந்துக் கடை ஒன்று "ரென் இ தாங்" என்ற சிறு விடுதியாகப் பிழைத்துக் கொண்டது. இடிக்காமல் விட்டதே பெரிய காரியம்.

ஆனால் ஒரு தெருவில் பத்து வீட்டில் எட்டு வீடு விடுதி என்றால், அந்தத் தெருவில் தங்கப் போகிறவர் எதைப் பார்ப்பார்? இன்னொரு பயணியைத்தான் பார்ப்பார்!

நம்ம ஊருக்கு என்ன?

இது எங்கோ கடலுக்கு அப்பால் நடக்கும் கதை அல்ல. காரைக்குடியில் "பங்களா" 1999-லேயே விடுதியாகி விட்டது. தரங்கம்பாடியில் 2004 சுனாமிக்குப் பிறகு பழைய வீடுகளைப் பழுது பார்த்து விருந்தினரைத் தங்க வைத்தார்கள். கூத்தாநல்லூர் மாதிரி டெல்டா ஊர்களிலும், சொந்தக்காரர் வெளிநாட்டில், சாவி உறவுக்காரர் இடுப்பில் என்று வீடுகள் கிடக்கின்றன. நாளைக்கு யாராவது வந்து, "விடுதியாக்கலாம், பாய்" என்று விலை பேசினால் ஆச்சரியம் இல்லை.

அப்படி வந்தால் பினாங்கு சொல்லும் பாடம் இரண்டு.

ஒன்று, சுவர். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான் பூச வேண்டும். மேலே சிமெண்ட் அப்பினால், தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியே போக வழி இல்லாமல் செங்கல்லை அரிக்கும். ஆற்றுப் படுகை ஊரில் இது இன்னும் முக்கியம்.

இரண்டு, ஆள். தமிழ்நாட்டிலும் 1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதில் வந்த 2017-ம் வருஷச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. வாடகை என்றால் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். "இருபது வருஷமா இருக்கேன், வாய்ப் பேச்சுதான்" என்று திண்ணைக் கடையில் உட்கார்ந்திருப்பவர்கள், விடுதிக்காரர் வாசலுக்கு வரும் முன்பே ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்து கொள்வது நல்லது.

பினாங்கு போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அறைச் சாவியை வாங்கும் போது, "இங்கே முன்னால யார் இருந்தாங்க?" என்று கேளுங்கள். பதில் தெரிந்த விடுதியில் தங்குங்கள். காலைப் பலகாரத்தை விடுதியில் முடிக்காமல், அந்தத் தெருவிலேயே இன்னும் கடை நடத்தும் பழைய ஆளிடம் ஒரு டீ குடியுங்கள். அவர் கடை இருந்தால்தான் அது தெரு.

வீடு பூட்டிக் கிடந்தாலும் இடிந்து விழும். ஆளை விரட்டினால் நின்று கொண்டே செத்துப் போகும். பினாங்கில் இரண்டும் நடந்து விட்டது. கூத்தாநல்லூரில் வீடும் இருக்கிறது, ஆளும் இருக்கிறார்கள்... இன்னும் நேரம் இருக்கிறது!