பியூட் மலையில் நீர் செய்த வேலை

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரில் இருக்கிறது பியூட். 1864இல் இங்கே ஓடை மணலை அலசித் தங்கம் எடுத்தார்கள். அது குறைந்ததும் பாறையைக் குடைந்து வெள்ளி எடுத்தார்கள். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த மார்கஸ் டேலி, அனகோண்டா சுரங்கத்தை வாங்கியதும் வெள்ளிக்காகத்தான். ஆனால் 1882இல், சுமார் 300 அடி ஆழத்தில், கொழுத்த செம்புத் தாது தட்டுப்பட்டது. அதே ஆண்டில்தான் எடிசன் நியூயார்க்கில் மின் நிலையம் திறந்தார். இனி ஊர் ஊராகக் கம்பி இழுக்க வேண்டும், அதற்குச் செம்பு வேண்டும். டேலிக்கு அடித்தது யோகம்தான். ஆனால் மேலே வெள்ளி, அடியில் செம்பு என்ற அந்த அடுக்கு தற்செயலானது அல்ல.

ஏறத்தாழ 7.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் பாறைக்குழம்பு இறுகி இந்த மலைக்கு அடித்தளமானது. பிற்பாடு அதன் வெடிப்புகள் வழியே கொதிக்கும் நீர் ஏறியது. அதில் கரைந்திருந்த உலோகங்கள் வழியில் படிந்தன: நடுவில் செம்பு, ஓரங்களில் துத்தநாகம், ஈயம், மாங்கனீசு, வெள்ளி.

அடுத்து மழை தன் பங்கைச் செய்தது. தாதுவோடு கலந்திருந்த பைரைட் என்ற இரும்பு சல்பைடு, நீரும் காற்றும் பட்டால் கந்தக அமிலத்தைத் தரும். அந்த அமிலம் மேற்பகுதியிலிருந்த செம்பைக் கரைத்துக் கீழே கொண்டுபோனது. வெள்ளி அவ்வளவு எளிதில் கரையவில்லை, மேலேயே தங்கிவிட்டது. நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே ஆக்சிஜன் கிடையாது. அங்கே போன செம்பு சால்கோசைட் என்ற கனிமமாகப் படிந்தது. கருஞ்சாம்பல் நிறமுள்ள இந்தக் கனிமத்தின் எடையில் சுமார் 80 சதவீதம் செம்பு! டேலியின் ஆட்கள் தொட்டது இந்த அடுக்கைத்தான்.

அதன்பின் மலை சல்லடையானது. சில சுரங்கங்கள் ஒரு மைல் ஆழம் வரை இறங்கின. மொத்தப் பாதைகளின் நீளம் 16,000 கிலோமீட்டர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 1880 முதல் 2005 வரை இங்கிருந்து கிடைத்த செம்பு மட்டும் 96 லட்சம் டன்னுக்கு மேல். வெள்ளி 22,000 டன்னுக்கு மேல். தங்கம் 90 டன் அளவில்.

இதற்கான விலையைத் தொழிலாளர்கள் உயிராகக் கொடுத்தார்கள். 1917 ஜூன் 8 அன்று கிரானைட் மவுன்டன் சுரங்கத்தில் கனத்த மின்கேபிள் ஒன்றை இறக்கும்போது அது நழுவி விழுந்தது. கேபிளின் மேலுறையில் எண்ணெய் ஊறிய துணி. பார்க்கப் போன மேற்பார்வையாளரின் கார்பைடு விளக்குச் சுடர் அதில் பட்டது. தீயைவிடப் புகையும் நச்சு வாயுவும்தான் அதிகம் கொன்றன. மாண்டவர்கள் 168 பேர். மானஸ் டகன் என்ற இளைஞர் கிடைத்த பலகையையும் துணியையும் வைத்துப் பாதையை அடைத்துத் தடுப்பு எழுப்பினார். அதற்குப் பின்னால் ஒரு நாளுக்கு மேல் ஒடுங்கியிருந்தவர்களில் 25 பேர் பிழைத்தார்கள், டகன் பிழைக்கவில்லை. அந்தக் கேபிளே தீயணைப்புத் தெளிப்பான் அமைப்புக்காகத்தான் இறக்கப்பட்டது என்பது கூடுதல் கொடுமை.

தோண்டத் தோண்ட ஊறிய நீரைப் பம்புகள் இடைவிடாமல் வெளியேற்றின. அதில் செம்பு கரைந்திருந்தது. பழைய தகர டப்பா, இரும்புக் கழிவு ஆகியவற்றின் மீது அந்த நீரை ஓடவிட்டால் இரும்பு கரையும், செம்பு செந்நிறச் சேறாகப் படியும். மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டுப் பள்ளியில் நாம் பார்த்த சோதனைதான். அதை அங்கே தொழிலாகவே நடத்திக் காசாக்கினார்கள்.

1955இல் பெர்க்லி குழி என்ற திறந்தவெளிச் சுரங்கம் தொடங்கியது. அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளை விழுங்கி, சுமார் 540 மீட்டர் ஆழத்துக்குப் போனது. 1982இல் வேலை நின்றது, பம்புகளும் நிறுத்தப்பட்டன. பழைய பாதைகள் நிரம்பி, நீர் குழிக்குள் ஏறியது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பாதைகளில் காற்றுப்பட்டுக் கிடந்த பைரைட்டை அந்த நீர் தொட்டதும், மலையைச் செல்வமாக்கிய அதே வேதிவினை நடந்தது. அன்று அதற்குப் பல லட்சம் ஆண்டுகள் பிடித்தது. இம்முறை மனிதர்கள் வழிதிறந்துவிட்டதால் சில பத்தாண்டுகளே போதுமாயின. குழியில் தேங்கியது செம்பு, ஆர்சனிக், காட்மியம் கலந்த அமில ஏரி. 1995இல் வலசை வந்து அதில் இறங்கிய பனி வாத்துகளில் 342 செத்தன, 2016இல் ஆயிரக்கணக்கில்.

நீர்மட்டம் மேலும் ஏறினால் நஞ்சு சுற்றியுள்ள நிலத்தடி நீரிலும் ஓடையிலும் கலக்கும். அதைத் தடுக்க 2003இல் சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள். சுண்ணாம்பு சேர்த்து அமிலத்தை முறித்து உலோகங்களைப் பிரிக்கிறார்கள். 2019 முதல் சுத்திகரித்த நீரை ஓடையில் விடுகிறார்கள். பைரைட் தீரும்வரை அமிலம் ஊறும். அது தீரும் காலம் மனிதக் கணக்குக்குள் அடங்காது. எனவே இந்தத் திட்டத்துக்கு முடிவுத் தேதி என்று எதுவும் குறிக்கப்படவில்லை.